ஒற்றை மீன்

அத்தியாயம் 9

"கோள் சொன்னவன் ஆரெண்டு கண்டுபிடிச்சனெண்டால், அத்தான், அவன்ரை நாக்கை இழுத்து உந்த வாளித் தண்ணியிலை கழுவுவன்," என்றாள் கத்தரீனா.

சுவாம்பிள்ளை நிலந்துடைக்கும் கட்டையை வாளிக்குள் முக்கினார். மூன்று மாடிப் படிகளின் ஊத்தையும் சேர்ந்து தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. தம் நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஏனென்றால் அந்தக் கோளைச் சொன்னவர் அவர்தான்.

பலெர்மோத் தமிழரிடையே ஏதாவது காணாமற் போனால் முதலில் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அது சரிவராவிட்டால் சுவாம்பிள்ளைக்குப் போன் அடிப்பார்கள். காலையில் பொலித்தேயாமாப் பக்கம் படி துடைப்பது அவருடைய தொழில், மற்ற நேரம் துப்பறிவது. பிறின்ஸ் என்ற பொடியனின் களவுபோன ஸ்கூட்டரை, அதைத் திருடியவன் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக் கொடுத்தவர் அவர். கத்தரீனா அவருடைய மனைவியின் தங்கை. வயதானவர்களைப் பார்க்கும் வேலை செய்கிறவள். கை உதவிக்கென்று வந்து, வாய் உதவிக்கென்று நின்றுவிட்டாள்.

"சரி, சொல்லு," என்றார், கட்டையைப் பிழிந்தபடி. "முதலிலையிருந்து சொல்லு."

"எத்தினை தரம் சொல்லுறது? எங்கடை பேசாலை அகஸ்ரீனா ஆறு வருசமாய் அந்தக் கிரேக்கச் சிஞ்ஞோரா வீட்டிலை வேலை. கலியோப்பி எண்டு பேர். வான சாஸ்திரம் படிப்பிச்சவ. மூண்டு கிழமைக்கு முதல் வாதம் அடிச்சு ஆஸ்பத்திரியிலை கிடக்கிறா, பேச்சில்லை. புருசன் பக்கத்து மருமகள் ஜூலியா வந்து வீட்டைத் திறந்து பாத்தால், தட்டிலை இருந்த பித்தளைத் தூரநோக்கியைக் காணேல்லை."

"அகஸ்ரீனா என்ன சொல்லுறா?"

"சிஞ்ஞோராதான் தந்து, ரயில் ஸ்டேசனிலை சிவப்புத் தொப்பி போட்ட ஒரு ஆளிட்டைக் குடுக்கச் சொன்னவவாம். குடுத்தாச்சாம். ஆளின்ரை பேர் தெரியாது. எண்டைக்கு எண்டு கேட்டால், ஊரிலை மடுமாதாவின்ரை ஆடித் திருநாளுக்குப் பிறகு ஒரு நாளாம்."

"சிஞ்ஞோராவிட்டைக் கேட்டவையோ?"

"கேட்டவை. அவ இப்ப எல்லாத்துக்கும் தலையாட்டுறா. அகஸ்ரீனாவோ எடுத்தவ எண்டால் ஓம். பலெர்மோப் புனிதை சாந்தா ரொசாலியாவோ எடுத்தவ எண்டால் அதுக்கும் ஓம்."

சுவாம்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. அகஸ்ரீனாவுக்கு எதிராக இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, சிஞ்ஞோரா ஆஸ்பத்திரியில் இடக்கையால் ஒரு காகிதத்தில் கிறுக்கிய ஐந்து கிரேக்க எழுத்துகள். ஜூலியா அதைப் போனில் போட்டுப் பார்த்தாள். 'ஏமாற்று' என்று வந்தது. மற்றது, நீளமான ஒரு சாமானை அகஸ்ரீனா பஸ்ஸில் ஒளித்துக் கொண்டுபோனதை அவளுடைய ஆட்களிலேயே ஒருவர் கண்டிருக்கிறார் என்ற பேச்சு. நாளைக் காலை பத்து மணிக்கு ஜூலியா குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்துக்குப் போய்ப் புகார் எழுதப்போகிறாள். அகஸ்ரீனாவின் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கும் தாள்கள் அதே குவெஸ்தூராவில் இன்னொரு மேசையில் கிடக்கின்றன. களவுப் புகார் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்தால், அவளுடைய இருபது வருடப் பலெர்மோ வாழ்க்கை முடிந்தது.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றாள் கத்தரீனா. "வேறை ஒருத்தரும் வேண்டாம், சுவாம்பிள்ளை அண்ணைதான் வேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறா. நீங்கள் அவவோடை கதைக்கிறதே இல்லையே?"

"வாளியைப் பிடி," என்றார் சுவாம்பிள்ளை.

கதைக்காததற்குக் காரணம் இருந்தது. ஆடி மாதம் ஒரு நாள், வேலை முடிந்து ஒரேத்தோவிலுள்ள வீட்டுக்குப் போக பஸ் ஏறினார். அன்றைக்கு டிக்கெட் எடுக்கவில்லை. நாலு நிறுத்தம்தானே என்ற எண்ணம். பின்னால் அகஸ்ரீனா இருந்ததைக் கண்டார். மடியில் துவாய் சுற்றிய நீளமான ஒரு சாமான். பரிசோதகர்கள் ஏறினார்கள். அதே நேரம் பின்னாலிருந்து, "சுவாம்பிள்ளை அண்ணை!" என்று அவள் கூப்பிட்டாள். பரிசோதகர்களின் கண் தம்மேல் விழுந்துவிடுமென்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவரை இறக்கி, நடுத்தெருவில் நிறுத்தி அபராதத் தாள் எழுதிக் கொடுத்தார்கள். பஸ் நிறையச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் கள்ளனைப் பிடித்துக் கொடுக்கிறவர் களவாகப் பஸ்ஸில் போய்ப் பிடிபட்டார்.

அதற்குப் பிறகு பூசைக்குப் போனால் அகஸ்ரீனா இருக்கும் வரிசைக்கு மறுபக்கம் போய் இருந்தார். போன கிழமை, காலைக் கோப்பி குடிக்கும்போது, வாசல் காக்கும் போர்த்தியேரே லொரென்சோ தூரநோக்கி காணாமற் போன கதையை எடுத்தான். சுவாம்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. "அவளை நீளமான சாமானோடு பஸ்ஸில் கண்டேன். ஒளித்துப் பிடித்திருந்தாள்."

முதல் வசனம் உண்மை. இரண்டாவது பொய். அவள் அதைக் குழந்தையை வைத்திருப்பது போல மடியில் எல்லோருக்கும் தெரியத்தான் வைத்திருந்தாள். அந்த இரண்டாவது வசனம் ஏன் வந்தது என்று ஒரு கிழமையாக அவர் தம்மைத் தாமே விசாரித்துக்கொண்டிருந்தார். பஸ் கதையை அவள் முதலில் எடுத்துவிட்டால் தம் மானம் போய்விடும் என்று, முந்திக்கொண்டு அவள் மானத்தை விற்றிருக்கிறார். விசாரணை முடிந்தது, ஆள் பிடிபட்டான். வெட்கம் சட்டைக் கழுத்துக்குள் வியர்வை போல ஊறியது.

சிஞ்ஞோராவின் வீடு பக்கத்துக் கட்டடம். வாசலில் லொரென்சோ நின்றான்.

"சாவ், ஸ்வாமி!" என்று கையைத் தூக்கினான். "நீ அன்றைக்குச் சொன்னாயே..."

"அவசரம், அவசரம்," என்று சுவாம்பிள்ளை படியில் தாவினார். முழங்காலில் வாதமுள்ள மனிதர் இரண்டு இரண்டு படியாகப் பாய்வதைக் கத்தரீனா அதிசயமாகப் பார்த்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஜூலியா கெட்டவள் அல்ல. தூக்கமில்லாத கண்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து களைத்திருந்தாள்.

"பத்து நிமிஷம் தருகிறேன்," என்றாள் இத்தாலிய மொழியில். "மாமி தன் கையாலேயே எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?"

"மாமி கிரேக்கத்தில் எழுதியதை உங்களால் வாசிக்க முடியுமா?" என்று கேட்டார் சுவாம்பிள்ளை.

"எனக்குக் கிரேக்கம் தெரியாது. போனுக்குத் தெரியும்."

சுவர் நீளத்துக்கு ஒரு தட்டு. பத்துச் சாமான்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் சிறிய காகிதத் துண்டில் சிஞ்ஞோராவின் கையெழுத்தில் ஒரு கிரேக்கச் சொல். சுவாம்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அவருக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கத்தரீனாதான் குனிந்து மூக்கு முட்டப் பார்த்தாள்.

"அத்தான், இஞ்சை வாங்கோ. இந்த எழுத்தைப் பாருங்கோ, மீன் மாதிரி இல்லையோ? வயிறும் வாலும்?"

"ஓம், மீன்தான்."

"மீன்பிடி ஊர்ப் பேசாலைக்காரி வழக்கிலை மீன் வராட்டித்தான் பிழை. எண்ணுங்கோ. இந்தச் சொல்லிலை ரெண்டு மீன். முன்னுக்கு ஒண்டு, நடுவிலை ஒண்டு. இதிலையும் ரெண்டு. இதிலையும். எட்டுச் சாமானுக்கு ரெண்டு மீன். ஆனால் தூரநோக்கி இருந்த இடத்திலை முன் மீனைக் காணேல்லை. நடு மீன் மட்டும்தான்."

"அப்ப எட்டும் ஒண்டும் ஒன்பது. பத்தாவது?"

பத்தாவது வானத்தைக் காட்டும் ஒரு பெரிய உருண்டை. அதன் கீழிருந்த சொல்லிலும் ஒற்றை மீன்தான். கத்தரீனா உருண்டையை மெல்லச் சுழற்றினாள். அடிப்பக்கத்தில், பிஸ்கட் பைக்கற்றுக்குள் வரும் வாத்துப் படம் ஒன்று ஒட்டியிருந்தது.

"உங்கள் மாமி வாத்துப் படம் ஒட்டி விளையாடுகிறவரா?" என்று ஜூலியாவைக் கேட்டாள்.

"மாமியா? இந்த வீட்டுக்குள் சின்னப்பிள்ளைகளே வருவதில்லை."

"அப்ப உருண்டை சின்னப்பிள்ளையளிட்டைப் போய் வந்திருக்கு," என்றாள் கத்தரீனா தமிழில். "ரெண்டு மீன் சாமான் வீட்டிலை இருக்கிறது. ஒற்றை மீன் சாமான் ஊர் சுத்துறது."

சுவாம்பிள்ளை ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கி, வெறுமையாகக் கிடந்த இடத்துக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். நடுங்கிய ஐந்து எழுத்துகள். முதலில் குட்டி மேசை போல ஒன்று, பிறகு நடக்கிற மனிதன் போல ஒன்று, பிறகு மீன், அதன் பின் இன்னும் இரண்டு. தூரநோக்கியின் காகிதத்திலும் அதே மேசை, அதே மனிதன், அதே மீன், அதே இரண்டு. ஆனால் அங்கே சொல் நிற்கவில்லை. இன்னும் மூன்று எழுத்துகள் ஓடின.

"கத்தரீனா, படம் எடு," என்றார்.

போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் பொரித்து விற்கும் ஸ்தாவ்ரோஸ் ஒரு பழைய கப்பல் சமையற்காரன். பிறந்தது கிரேக்கத் துறைமுகமான பீரேயஸ். மாவு படிந்த விரலால் போனைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இது முடியாத சொல்," என்றான். "ஐந்து எழுத்தோடு நிறுத்தினால் பிளானி. தவறு, ஏமாற்று. போன் சொன்னது சரி. ஆனால் அந்த அம்மா எழுத வந்தது அது இல்லை. பார், கடைசியில் பேனா கோடாக இழுபட்டிருக்கிறது. கை விழுந்துவிட்டது. முழுச்சொல் இந்தக் காகிதத் துண்டில் இருக்கிறது. பிளனீத்திஸ்."

"அது என்ன?"

"பியனேத்தா."

"கோள்," என்று தமிழில் சொன்னாள் கத்தரீனா. "கிரகம்."

ஸ்தாவ்ரோஸ் சட்டியிலிருந்த மீனைப் புரட்டிவிட்டான். "எங்கள் பழைய ஆட்கள் இரவில் மேலே பார்த்தார்கள். எல்லா நட்சத்திரமும் தன் தன் இடத்தில் நின்றது. ஐந்து மட்டும் நிற்கவில்லை. இன்றைக்கு இங்கே, அடுத்த மாதம் அங்கே. அலைகிறேன் என்பதற்கு எங்கள் சொல் பிளனோமே. அலைகிறவன் பிளனீத்திஸ். வழி தப்பி அலைந்தால் அது பிளானி. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றவனைப் பிடிக்கக் கூடாது, இல்லையா?"

"மற்ற எட்டும்?"

"அபிளனீஸ். முன்னால் ஒரு 'அ' போட்டால் இல்லை என்று பொருள். அலையாதது. இடம் மாறாத நட்சத்திரம்."

"எங்கடை 'அ' மாதிரித்தான்," என்றாள் கத்தரீனா. "நீதி, அநீதி. ஒரு மீன் கூடினால் நீதி போச்சு. அத்தான், நாங்களும் வானத்திலை கிடக்கிறதை மீன் எண்டுதானே சொல்லுறது? விண்மீன்!"

"கீழே பொடி எழுத்தில் என்ன?" என்று கேட்டார் சுவாம்பிள்ளை.

"தூரநோக்கிக்கு எர்மிஸ், எண்பத்தெட்டு. எர்மிஸ் என்றால் மெர்க்கூரியோ. உருண்டைக்கு அஃப்ரோதித்தி, இருநூற்றிருபத்தைந்து. அது வேனெரே."

கத்தரீனா போனில் தட்டினாள். புதன் சூரியனை ஒருமுறை சுற்ற எண்பத்தெட்டு நாள். வெள்ளிக்கு இருநூற்றிருபத்தைந்து. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இரவல்!" என்றாள் அவள். "இரவல் குடுக்கிற சாமானுக்குக் கிரகத்தின்ரை பேர். கிரகம் சுத்தி வாற நாளிலை சாமானும் திரும்பி வரவேணும். எண்பத்தெட்டாம் நாள் சிவப்புத் தொப்பிக்காரன் வருவான். சிஞ்ஞோரா அகஸ்ரீனாவைக் குற்றம் சொல்லேல்லை, காப்பாத்தத்தான் எழுதியிருக்கிறா."

"எண்டைக்கிலையிருந்து எண்ணுறது?"

"அதுதானே சிக்கல். அகஸ்ரீனாவுக்கு நாள் தெரியாது. பஸ்ஸிலை கண்டவன் ஆரோ, அவனுக்குத்தான் தெரியும்." கத்தரீனா பொரித்த மீன் ஒன்றைக் கடித்தாள். "ஒண்டைக் கவனிச்சியளோ? இவங்கடை சொல்லிலை கிரகமும் பிழையும் ஒண்டாய்க் கிடக்கு. எங்கடை சொல்லிலை கிரகமும் கோள் சொல்லுறதும் ஒண்டாய்க் கிடக்கு. கோள் சொன்னவனைப் பிடிச்சால் கோளும் வந்திடும்."

சுவாம்பிள்ளையின் பணப்பையில், மடுமாதா படத்துக்குப் பின்னால், நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. மனைவி காணாமல் ஒளித்து வைக்க வீட்டில் வேறு இடம் கிடைக்கவில்லை. அந்தத் தாளில் நாள், நேரம், பஸ் இலக்கம், அவருடைய பெயர் எல்லாம் அச்சடித்தது போலத் தெளிவாக இருந்தன. எடுத்துக் காட்டாவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அகஸ்ரீனாவும் நாளைப் பத்து மணியோடு முடிந்துபோவாள்.

"நட," என்றார். "ஜூலியாவிட்டைப் போவம்."

ஜூலியா முழுவதையும் கேட்டாள். காகிதத்தையும் சொல்லையும் மாறி மாறிப் பார்த்தாள். உருண்டையின் அடியிலிருந்த வாத்தைப் பார்த்தபோது அவள் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் தலையை அசைத்தாள்.

"அழகான கதை. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? நாள் இல்லாமல் நான் எவ்வளவு காலம் காத்திருப்பது? வருஷம் முழுவதுமா?"

சுவாம்பிள்ளை பணப்பையைத் திறந்தார். மடுமாதாவை ஒரு பக்கம் தள்ளினார். தாளை விரித்து மேசையில் வைத்தார்.

"ஜூலை பதினாறு," என்றார். "அன்றைக்கு நான் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டேன். லொரென்சோவுக்குச் சொன்ன ஆள் நான்தான். ஒளித்துப் பிடித்திருந்தாள் என்று சொன்னேன். அது பொய். அவள் மடியில், எல்லோருக்கும் தெரியத்தான் வைத்திருந்தாள்."

கத்தரீனாவுக்கு இத்தாலிய மொழி நன்றாக விளங்கும். அவளை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

ஜூலியா நாட்காட்டியை எடுத்து விரல் வைத்து எண்ணினாள். "அக்டோபர் பன்னிரண்டு. நாளை மறுநாள்." தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "அன்றைக்குப் பின்னேரம் வரை பொறுக்கிறேன். அதற்கு மேல் ஒரு மணி நேரமும் இல்லை."

இருவரும் படியிறங்கினார்கள். முதலாம் மாடியில் கத்தரீனா நின்றாள்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"நான் சொல்லமாட்டன். இந்தக் குடும்பத்திலை ஒருத்தர் கோள் சொன்னது காணும்."

அவள் முன்னால் நடந்தாள். வாசலில் லொரென்சோ மறுபடி கையைத் தூக்கினான். சுவாம்பிள்ளை நின்று, தாம் சொன்னது பொய் என்று அவனிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் திகதி பின்னேரம் நாலு மணிக்கே எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆறு வருடம் தான் துடைத்த குசினியில், விருந்தாளி போலக் கதிரையின் நுனியில் இருந்தாள் அகஸ்ரீனா. மடியில் கைப்பை. அவளிடம் சொல்ல வேண்டும் என்று சுவாம்பிள்ளை இரண்டு நாளாக வசனம் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த வசனம் ஒன்றும் முழுதாக வெளியே வரவில்லை. நாலே முக்கால். ஐந்து. ஜூலியா நேரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து. அகஸ்ரீனாவின் உதடு மட்டும் அசைந்தது, செபம் சொல்கிறாள்.

ஐந்தே காலுக்கு மணி அடித்தது.

சிவப்புத் தொப்பி. கையில் துவாய் சுற்றிய நீளமான சாமான். மலைப்பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஃப்ரான்செஸ்கோ என்று சொல்லிக்கொண்டார்.

"கால் மணி பிந்திவிட்டேன். எண்பத்தெட்டு நாளுக்கு ஒரு நாள் பிந்தினாலும் சிஞ்ஞோரா அடுத்த முறை தரமாட்டார். பிள்ளைகள் முழு மலையையும் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள்." அகஸ்ரீனாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். "ஆ, இவரிடம்தான் அன்றைக்கு ஸ்டேசனில் வாங்கினேன். சிஞ்ஞோரா எங்கே?"

ஜூலியா அகஸ்ரீனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஸ்கூசா," என்றாள், "ஸ்கூசாமி," என்றாள், பிறகு அழுதாள். அகஸ்ரீனா அவளுடைய முதுகைத் தடவினாள். அதன் பிறகு துவாயை அவிழ்த்து, தூரநோக்கியைச் சட்டைக் கையால் துடைத்து, ஒற்றை மீன் காகிதத்துக்கு மேல் நேராக வைத்தாள்.

கத்தரீனா வேண்டுமென்றே வேறு வேலை சொல்லிக் கழன்றுவிட்டாள். பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர்தான். அகஸ்ரீனா அல்பெர்கேரியாவில் இறங்க வேண்டும், அவர் அதற்கும் அப்பால். சுவாம்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, அந்தப் பஸ் கதையைச் சொன்னது ஆரெண்டால்..."

"தெரியும், அண்ணை."

"கத்தரீனா சொன்னவளோ?"

"இல்லை. அண்டைக்குப் பஸ்ஸிலை எங்கடை ஆக்கள் நீங்களும் நானும்தானே. கதை வந்த அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே என்னைக் கூப்பிட்டனீ?"

"அந்தத் திகதியைச் சொல்லக்கூடிய ஆளும் நீங்கள்தானே." அவள் தெருவைப் பார்த்தபடி சொன்னாள். "உங்கடை தாளைப் பற்றி நான் வாய் திறந்தால் உங்களுக்கு மரியாதை இல்லை. நீங்களாய்ச் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

"என்னை மன்னிச்சுக்கொள், பிள்ளை," என்றார் அவர். குரல் பஸ்ஸின் இரைச்சலில் அமுங்கிப் போனது.

ஏறினார்கள். அவர் சட்டைப் பையில் டிக்கெட்டைத் தேடுவதற்குள் அகஸ்ரீனா கைப்பையிலிருந்து இரண்டு டிக்கெட்டை எடுத்து, இரண்டையும் இயந்திரத்தில் அடித்து, ஒன்றை அவரிடம் நீட்டினாள்.

"என்னட்டை இருக்குப் பிள்ளை. இப்பவெல்லாம் ஒரு நாளும் எடுக்காமல் ஏறுறதில்லை."

"தெரியும். எண்டாலும் பிடியுங்கோ, அண்ணை." அவள் கையை மடக்கவில்லை. "அண்டைக்கும் ரெண்டு வைச்சிருந்தனான். செக் பண்ணுறவை ஏறுறதைக் கண்டிட்டு, ஒண்டை உங்களிட்டைத் தரத்தான் கூப்பிட்டனான். ரெண்டு தரம் கூப்பிட்டன். நீங்கள் திரும்பேல்லை."

பஸ் புறப்பட்டது. பக்கத்தில் ஜன்னல் இருந்தது. சுவாம்பிள்ளை இந்த முறை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தபடியே டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.